நஷ்டத்தையும் எழுதி வைப்போம்

1959 ஆம் ஆண்டு. மார்ச் மாதம் 15 ஆம் தேதி. பம்பாய் நகரம். இன்று அதன் பெயர் மும்பை.

அந்த நகரில் கிர்காவ் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். அவர்கள் குஜராத்திக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் பெரிய படிப்பு இல்லை. கையில் பணமும் இல்லை. ஆனால் ஒரு வேலை நன்றாகத் தெரியும். அது அப்பளம் இடுவது.

சகன்லால் கரம்சி பாரேக் என்று ஒரு சமூகத் தொண்டர் இருந்தார். அவரிடம் அந்தப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். ஏற்கெனவே ஒருவர் அப்பளத் தொழில் நடத்தி நஷ்டப்பட்டிருந்தார். அவருடைய தொழிலை எடுத்துக்கொண்டார்கள். உளுத்தம் மாவு வாங்கினார்கள். மிளகும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்தார்கள். அப்பளம் இட்டு மாடி வெயிலில் காய வைத்தார்கள்.

முதல் நாளில் கிடைத்தது நான்கே பாக்கெட்டுகள். புலேஷ்வர் பகுதியில் தெரிந்த வியாபாரி ஒருவர் இருந்தார். அவரிடம் அவற்றை விற்றார்கள். முதல் ஆண்டு முழுவதும் சேர்த்து 6,196 ரூபாய்க்கு விற்பனை நடந்தது.

அதுதான் பின்னாளில் லிஜ்ஜத் அப்பளம் ஆனது. இன்று 40,000 பெண்களுக்கு மேல் அதில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கூலிக்காரர்கள் இல்லை. எல்லோரும் அந்தத் தொழிலின் சொந்தக்காரர்கள். தொடங்கிய ஏழு பேரில் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். அவருக்கு 2021 ஆம் ஆண்டு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

இதை வெற்றிக் கதையாகப் பலர் சொல்வார்கள். ஆனால் இந்தக் கதைக்குள் பல தோல்விகளும் இருக்கின்றன. சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அந்தத் தோல்விகள்தான் அதிகப் பாடம் தரும்.

மழை வந்தது

தொழில் தொடங்கிய மூன்று மாதத்தில் மழைக்காலம் வந்தது. மும்பை மழை சாதாரண மழை இல்லை. ஜூன் மாதம் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அப்பளம் காய வெயில் வேண்டும். வெயில் இல்லை. என்ன செய்வது?

ஈரம் காயாத அப்பளத்தைப் பாக்கெட்டில் போட்டு விற்றிருக்கலாம். வாங்குகிறவருக்கு அன்றே தெரியாது. நான்கு நாள் கழித்துப் பூசணம் பிடிக்கும். அப்போதுதான் தெரியும். அதற்குள் பணம் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. நான்கு மாதம் வேலையை நிறுத்தினார்கள். நான்கு மாத வருமானம் போயிற்று.

ஆனால் அவர்கள் மழையைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. அடுத்த ஆண்டும் மழை வரும். அதற்கு வழி தேடினார்கள். ஒரு கட்டில் வாங்கினார்கள். ஒரு ஸ்டவ் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். கட்டிலின் அடியில் ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்கள். அந்தச் சூட்டில் அப்பளம் காய்ந்தது. இரண்டாம் ஆண்டு மழையிலும் வேலை நடந்தது.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. மழை யாருடைய தவறும் இல்லை. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆண்டு வந்த நஷ்டம் அடுத்த ஆண்டும் வராமல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு முதலில் நஷ்டம் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவருக்குக் கட்டில் வாங்கும் யோசனை வராது.

மட்டச் சரக்கு வேண்டாம்

தொடக்கத்தில் அந்தப் பெண்கள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்கள். ஒன்று நல்ல அப்பளம். மற்றொன்று கொஞ்சம் மட்டம். மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

கடன் கொடுத்த பெரியவர் இதைப் பார்த்தார். அவரை எல்லோரும் சகன்பாப்பா என்று மரியாதையாக அழைப்பார்கள். ஒரே தரத்தில் செய்யும்படி அவர் அறிவுரை சொன்னார். தரத்தை எந்த நாளும் குறைக்க வேண்டாம் என்றார். இதைத் தொண்டு என்று நினைக்காமல் தொழிலாக நடத்தச் சொன்னார். கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கச் சொன்னார்.

அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். உடைந்த அப்பளங்களை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள்.

தரம் குறைந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டால் புரியும்.

ஒரு பெண் தெருவோரம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் மாவு அதிகமாகப் புளித்துவிட்டது. மாவின் மதிப்பு 300 ரூபாய். கொட்டிவிட்டால் 300 ரூபாய் நஷ்டம். அது கண்ணுக்குத் தெரிகிறது. மனம் வலிக்கிறது. அந்த மாவிலேயே இட்லி சுட்டு விற்றால் 300 ரூபாய் தப்பிக்கும் என்று தோன்றும்.

கடைக்குத் தினமும் வரும் ஒருவர் 20 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார். மாதத்தில் 25 நாள் வருகிறார். அவரால் மாதம் 500 ரூபாய் வியாபாரம் நடக்கிறது. புளித்த இட்லி தின்ற பத்துப் பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டால்? மாதம் 5,000 ரூபாய் வியாபாரம் போய்விடும். கொட்டிய மாவின் நஷ்டம் ஒரு நாளோடு முடியும். போன வாடிக்கைக்காரரின் நஷ்டம் மாதாமாதம் தொடரும்.

இன்னொரு வழியும் உண்டு. வந்தவரிடம் உள்ளதைச் சொல்வது.

"அண்ணே, இன்னைக்கு மாவு புளிச்சிடுச்சு. இட்லி இல்லை. உப்புமா கிண்டித் தரட்டுமா?"

இப்படிச் சொல்பவரை வாடிக்கைக்காரர் நம்புவார். மறுநாள் இட்லி நன்றாக இருக்கும் என்றும் நம்புவார்.

எடையும் அப்படித்தான். நஷ்டத்தை ஈடுகட்ட எடையில் கை வைப்பவர்கள் உண்டு. கிலோவுக்கு 50 கிராம் குறைப்பார்கள். எடைக்கல்லில் அரசு முத்திரை இல்லாவிட்டால் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய தண்டனையைத் தெரு கொடுக்கும். "அந்தக் கடையில் எடை சரியில்லை" என்ற பேச்சு ஒரு முறை எழுந்தால் எளிதில் அடங்காது.

தோற்ற இடத்திலிருந்து திரும்பி வருவது

அப்பளம் நன்றாக விற்றது. இன்னோர் இடத்திலும் தொடங்கலாம் என்று பெண்கள் நினைத்தார்கள். 1961 ஆம் ஆண்டு மும்பையின் புறநகரான மலாடில் ஒரு கிளை தொடங்க முயன்றார்கள். அது சரிவரவில்லை.

பிற்காலத்தில் வேறு பொருள்களிலும் இறங்கினார்கள். தீப்பெட்டி, தோல் பொருள்கள், ஊதுவத்தி ஆகியவற்றைச் செய்து பார்த்தார்கள். அவற்றிலும் வெற்றி கிடைக்கவில்லை.

ஆனால் தோற்ற தொழிலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அப்பளத்தையும் மூழ்கடிக்கவில்லை. தெரிந்த வேலையைக் கைவிடவும் இல்லை. புதிய முயற்சிகளை நிறுத்தவும் இல்லை. 1968 ஆம் ஆண்டு குஜராத்தில் வாலோட் என்ற ஊரில் கிளை தொடங்கினார்கள். அது நிலைத்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதுதான் முதல் கிளை.

சிறுதொழிலில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். "இவ்வளவு பணம் போட்டாச்சு. எப்படி விடுவது?" என்று மேலும் பணம் போடுகிறார்கள். போன பணம் போனதுதான். இனிமேல் போடும் பணம் திரும்ப வருமா என்பதுதான் கேள்வி. ஓட்டைக் குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றினால் குடம் நிறையாது. கிணறும் வற்றும்.

கடையை மூடுவதும் சில சமயம் நல்ல முடிவுதான். பாக்கி வைக்காமல் மூடினால் மறுபடி திறக்கலாம். பாக்கியை வைத்துவிட்டு இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனவர்களுக்கு அந்த ஊரில் மறுபடி கடை இல்லை.

தெரியாத நஷ்டம்

வெளிப்படையாக வரும் நஷ்டம் உண்டு. மழை, தீ, நோய், திருட்டு ஆகியவற்றால் வருவது அது. வெளியே தெரியாமல் அரிக்கும் நஷ்டமும் உண்டு. கறையான் போல அது உள்ளே இருந்து தின்னும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒருவரின் ஒரு வாரக் கணக்கு இது. அவர் வாரத்தில் ஆறு நாள் விற்கிறார். தொழிலுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி.

காய்கறி வாங்கியது: ரூ. 6,000
விற்று வந்த பணம்: ரூ. 6,900

கையில் 900 ரூபாய் அதிகம் நிற்கிறது. அதையே லாபம் என்று அவர் நினைக்கிறார். தினமும் 150 ரூபாய் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிறார். ஆறு நாளுக்கு 900 ரூபாய். வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கிறது. அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னும் மூன்று வரி எழுத வேண்டும்.

வண்டி வாடகை, நாளுக்கு ரூ. 40 வீதம்: ரூ. 240
சந்தையிலிருந்து ஏற்றிவரும் கூலி, நாளுக்கு ரூ. 50 வீதம்: ரூ. 300
ஒரு வார வட்டி, சுமாராக: ரூ. 60

மொத்தம் 600 ரூபாய். இதை 900 ரூபாயிலிருந்து கழித்தால் 300 ரூபாய்தான் மிச்சம். அதுதான் உண்மையான லாபம். நாளுக்கு 50 ரூபாய்.

ஆனால் வீட்டுக்குப் போனது 900 ரூபாய். மீதி 600 ரூபாய் எங்கிருந்து வந்தது? முதலிலிருந்து வந்தது. வாரம் 600 ரூபாய் வீதம் அவர் தன் முதலைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்றது இது. 5,000 ரூபாய் முதல் எட்டு வாரத்தில் கரைந்துவிடும். கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

அவர் சூதாடவில்லை. குடிக்கவில்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து சந்தைக்குப் போகிறார். உழைப்பில் குறை இல்லை. மூன்று வரி எழுதாததுதான் குறை.

எழுதினால் வேறு சிலவும் தெரியும். அந்த வாரம் 400 ரூபாய்க் காய் அழுகியது. மழை நாளிலும் வெயில் நாள் அளவுக்கே காய் எடுத்தார். அதுதான் காரணம். மழை நாளில் குறைத்து எடுத்தால் பாதி அழுகலைத் தடுக்கலாம். அதிலேயே 200 ரூபாய் மிஞ்சும். 300 ரூபாய் லாபம் 500 ரூபாய் ஆகும். பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு ஏற்றினால் கூலியும் குறையும். அதுவரை வீட்டுச் செலவையும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் சொல்ல வேண்டும்.

வீட்டில் சொல்வது

நஷ்டம் வந்தால் முதலில் மறைப்பது வீட்டில்தான். கணவன் மனைவியிடம் மறைப்பார். மனைவி கணவனிடம் மறைப்பார். வயதான தாயிடம் இருவரும் மறைப்பார்கள். "அவர்கள் கவலைப்படுவார்கள்" என்று காரணம் சொல்வார்கள். கோபமும் ஏச்சும் வரும் என்ற பயமும் உண்டு. "நான் தோற்றுவிட்டேன்" என்று சொல்ல வாய் வராததும் உண்டு.

ஆனால் மறைப்பதால் என்ன நடக்கிறது? வீட்டுச் செலவு பழையபடியே நடக்கிறது. அதை ஈடுகட்ட மறைவாகக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போகிறது. கடைசியில் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. அப்போது 5,000 ரூபாய்ப் பிரச்சினை 50,000 ரூபாய்ப் பிரச்சினையாக வளர்ந்திருக்கும். நம்பிக்கையும் போயிருக்கும்.

முதல் வாரமே சொன்னால் வீடும் சேர்ந்து யோசிக்கும். இந்த மாதம் எந்தச் செலவைத் தள்ளிப் போடலாம் என்று பார்க்கும். பள்ளிக்கூடத்துச் செலவை மட்டும் தொடக் கூடாது என்று முடிவு செய்யும். பாரத்தை ஒருவர் தலையில் சுமப்பதைவிட நான்கு பேர் தோளில் சுமப்பது எளிது.

கடன் கொடுத்தவரிடம் சொல்வது

தவணை நாள் வருகிறது. பணம் இல்லை. என்ன செய்வது?

சிலர் போனை அணைத்து வைப்பார்கள். சிலர் பின்வாசல் வழியாகப் போவார்கள். சிலர் வேறு இடத்தில் கடன் வாங்கி இந்தத் தவணையைக் கட்டுவார்கள். இதில் மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெளியே பார்த்தால் நாணயமாகத் தெரியும். உள்ளே குழி தோண்டும்.

ஆந்திரப் பிரதேசத்தில் நடந்ததை மறக்க முடியாது. அங்கே சிறுகடன் நிறுவனங்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களுக்குக் கடன் கொடுத்தன. திருப்பிக் கட்ட முடியுமா என்று சரியாகப் பார்க்கவில்லை. ஒரே குடும்பம் பல நிறுவனங்களில் கடன் வாங்கியது. ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்கியது. வசூல் செய்தவர்கள் நெருக்கினார்கள். கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. 2010 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

அதன் பிறகு விதிகள் மாறியிருக்கின்றன. 2022 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் சிறுகடனுக்கு அது பொருந்தும். அதில் உள்ள சில விதிகளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு குடும்பம் மாதம் கட்ட வேண்டிய எல்லாத் தவணைகளும் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

வசூல் செய்கிறவர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது.

கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்குத் தண்டம் வாங்கக் கூடாது.

இந்த விதிகள் வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனங்களுக்கும் உண்டு. தெருவில் வட்டிக்குக் கொடுப்பவரை இவை கட்டுப்படுத்தா. அதனால்தான் எங்கே கடன் வாங்குகிறோம் என்பதும் முக்கியம்.

விதி இருந்தாலும் கடன் வாங்கியவருக்கும் ஒரு கடமை உண்டு. தவணை நாளுக்கு முன்பே போய்ச் சொல்ல வேண்டும். எவ்வளவு கட்ட முடியும், மீதியை எப்போது கட்ட முடியும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கணக்கு நோட்டையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

"அக்கா, இந்த வாரம் மழையில் வியாபாரம் இல்லை. தவணை 500 ரூபாயில் 200 ரூபாய்தான் இருக்கு. மீதி 300 ரூபாயை அடுத்த மூணு வாரத்தில் நூறு நூறாச் சேர்த்துக் கட்டிடறேன். கணக்கு இதோ இருக்கு, பாருங்க."

சுய உதவிக் குழுவில் இப்படிப் பேசுவது எளிது. 1992 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சுய உதவிக் குழுக்கள் வங்கிகளோடு இணைக்கப்பட்டு வருகின்றன. குழுவின் பலமே வாரக் கூட்டமும் கணக்குப் புத்தகமும்தான். ஓர் உறுப்பினர் முன்கூட்டியே சொன்னால் குழு யோசித்து வழி செய்யும். சொல்லாமல் வராமல் இருந்தால் அவருக்காக மற்றவர்கள் கட்ட வேண்டியிருக்கும். அதில் வருவது சண்டைதான்.

செய்ய முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது. "நாளைக்கே முழுப் பணமும் தருகிறேன்" என்று சொல்வது அந்த நிமிடம் தப்பிக்க உதவும். மறுநாள் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. 100 ரூபாய் தருகிறேன் என்று சொல்லி 100 ரூபாய் தருகிறவருக்கே மறுபடி கடன் கிடைக்கும்.

உதவி கேட்பது இழிவு இல்லை

லிஜ்ஜத் பெண்கள் தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்கப் போவதில்லை என்பது அந்த முடிவு. லாபம் வந்தால் எல்லோருக்கும் பங்கு. நஷ்டம் வந்தாலும் எல்லோருக்கும் பங்கு. யாரும் தனியே மூழ்கவில்லை. யாரும் கணக்கை மறைக்கவும் காரணம் இல்லை.

ஆனால் அவர்கள் உதவியே பெறவில்லை என்று சொல்ல முடியாது. கடன் வாங்கினார்கள். பெரியவரின் அறிவுரையைக் கேட்டார்கள். 1966 ஆம் ஆண்டு சங்கமாகப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றார்கள். பிச்சை கேட்பது வேறு. உரிமையைக் கேட்பது வேறு.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தெருவோர வியாபாரிகளின் வண்டிகள் நின்றன. போட்ட முதலைப் பலர் வீட்டில் இருந்து சாப்பிட்டுத் தீர்த்தார்கள். அது அவர்கள் தவறு இல்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் தெருவோர வியாபாரிகளுக்காகப் பிரதமர் ஸ்வநிதி திட்டம் தொடங்கியது. அடமானம் இல்லாமல் முதல் கடனாக 10,000 ரூபாய் வரை கொடுத்தார்கள். 2025 ஆம் ஆண்டு இதை 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த கடன் கூடுதலாகக் கிடைக்கும். வங்கியிலும் நகராட்சி அலுவலகத்திலும் விவரம் கேட்கலாம்.

நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால் 10,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும். வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கும் ஒரு நாள் சிரமம் பெரிதாகத் தெரியாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்கெல்லாம் தேவை ஒரு சாதாரண நோட்டு. ஒரு பேனா. தினமும் கடை மூடியதும் பத்து நிமிடம்.

ஒரு பக்கம் வரவு எழுத வேண்டும். எதிர்ப் பக்கம் செலவு எழுத வேண்டும். வாடகை, கூலி, வட்டி எதுவும் விடுபடக் கூடாது. வீட்டுக்கு எடுத்த பணத்தைத் தனியே எழுத வேண்டும். கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்த ஒரு கிலோ வெங்காயமும் அதில் வர வேண்டும்.

நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று, யார் யார் பாக்கி தர வேண்டும் என்பது. மற்றொன்று, யார் யாருக்குத் தர வேண்டும் என்பது.

இன்னும் ஒரு பக்கம் வேண்டும். அது நஷ்டப் பக்கம். நஷ்டம் வந்த நாள், தொகை, காரணம் என்று மூன்று வரி போதும். "ஜூலை 12. தக்காளி அழுகியது. ரூ. 150. மழை என்று தெரிந்தும் அதிகம் எடுத்தது." இப்படி உள்ளபடி எழுத வேண்டும். பிறர் தவறு என்றால் பிறர் தவறு. தன் தவறு என்றால் தன் தவறு. யார் தவறும் இல்லை என்றால் அப்படியே எழுத வேண்டும்.

மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை ஒரு முறை வாசிக்க வேண்டும். ஒரே காரணம் மூன்று முறை வந்திருந்தால் அங்கேதான் ஓட்டை. அதை அடைக்க வேண்டும்.

எழுதத் தெரியாத நாளில் கணக்கு மனத்தில் இருந்தது. மனம் நமக்குப் பிடித்ததை மட்டும் நினைவில் வைக்கும். பிடிக்காததை மறந்துவிடும். நோட்டு அப்படி மறக்காது. எழுதப் படிக்கக் கற்றவர் கையில் இன்று அந்த நோட்டு இருக்கிறது. லாபம் வந்த நாளில் எழுதுவது போலவே நஷ்டம் வந்த நாளிலும் எழுத வேண்டும். அன்று கை கொஞ்சம் நடுங்கும். பரவாயில்லை. எழுதி முடித்த பிறகு என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கலாம்.

கூடிப் பேசுங்கள்

1. லிஜ்ஜத் பெண்கள் மழைக்காலத்தில் ஈர அப்பளத்தை விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2. காய்கறி வியாபாரியின் கணக்கில் விடுபட்ட மூன்று வரிகள் எவை? உங்கள் தொழிலில் இப்படி விடுபடுவது எது?

3. தவணை கட்ட முடியாத நிலை வந்தால் யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வீர்கள்? சொல்லிப் பாருங்கள்.

4. இந்த வாரம் உங்களுக்கு வந்த ஒரு நஷ்டத்தை நாள், தொகை, காரணம் என்று மூன்று வரியில் எழுதுங்கள்.